கோப்பக மரத்தில் விரைந்த நடை
பைதான் மொழியின் நூலகத்தில் நிகழ்ந்த ஒரு சீர்திருத்தம்

வயல்களில் எடுக்கப்படும் அளவைக் குறிப்புகள், மண் பரிசோதனை முடிவுகள், மழைமானிப் பதிவுகள், பயிர் நோய்களின் புகைப்படங்கள் ஆகியவை இன்று பெரும்பாலும் கணிப்பொறிகளிலேயே சேமித்து வைக்கப்படுகின்றன. ஒரு வட்டார அலுவலகத்தில் சில ஆண்டுகளில் சேரும் கோப்புகளின் எண்ணிக்கை இலட்சத்தை எட்டுவது அரிதன்று. இவற்றை நாள்தோறும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தல், காலங்கடந்தவற்றை நீக்குதல், வேண்டிய ஒன்றைத் தேடி எடுத்தல், மொத்தம் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று கணக்கிடுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படையான வேலை ஒன்று உண்டு. கோப்பகங்களை ஒன்றுவிடாமல் சுற்றிவந்து, அவற்றில் உள்ளவை எவை என்று அறிவதே அவ்வேலை.

இந்த வேலை மந்தமாக நடைபெறுமானால் அதன் விளைவு சிறிதன்று. இரவில் தொடங்கிய படியெடுப்பு காலையில் அலுவலகம் திறக்கும் வரையிலும் முடியாமல் போகும்; கணிப்பொறி தடுமாறும்; பொறுமையிழந்த ஊழியர் அதனை நிறுத்திவிடுவார். பின்னர் ஒருநாள் வட்டு பழுதாகும்போது, மீட்பதற்குப் படி ஒன்றும் இருக்காது. ஆகவே, கோப்பகங்களைச் சுற்றிவரும் முறையில் செய்யப்படும் சிக்கனம் நிரலாளர்களுக்கு மட்டுமன்றி, பதிவுகளைக் காக்கும் பொறுப்புடைய அனைவருக்கும் உரியதாகும். பைதான் என்னும் நிரல்மொழியில் 2015ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சீர்திருத்தம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

மரம் என்னும் அமைப்பு

கோப்புகளை ஒரே நீண்ட பட்டியலாக வைக்காமல், கோப்பகத்துக்குள் கோப்பகமாக அடுக்கி வைக்கும் முறையை 1965ஆம் ஆண்டில் டேலி, நியூமன் ஆகிய இருவரும் மல்டிக்ஸ் என்னும் கணிப்பொறி அமைப்புக்காக விவரித்து எழுதினர். பின்னர் வந்த யூனிக்ஸ் அமைப்பும் அம்முறையை மேற்கொண்டது. இன்று பழக்கத்தில் உள்ள கணிப்பொறிகள் ஏறத்தாழ யாவும் அவ்வாறே அமைந்துள்ளன.

இவ்வமைப்பு தலைகீழாக நிற்கும் ஒரு மரத்தை ஒத்தது. முதற் கோப்பகம் வேர், அதிலிருந்து பிரியும் துணைக் கோப்பகங்கள் கிளைகள், கோப்புகள் இலைகள். மரத்தைச் சுற்றிவர விரும்பும் நிரல், வேரில் தொடங்கி, அங்குள்ளவற்றின் பட்டியலைப் பெற்று, அவற்றுள் கிளைகள் எவை, இலைகள் எவை என்று பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் மீண்டும் இதே வேலையைச் செய்ய வேண்டும். வழிமுறை இவ்வளவு எளியதே. செலவு முழுவதும் ‘எவை கிளைகள், எவை இலைகள்’ என்று பிரிக்கும் இடத்தில்தான் அடங்கியிருக்கிறது.

இவ்வேலையைப் பலரும் செய்ய வேண்டியிருப்பதால், ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிக்கொள்ளாதபடி, நிரல்மொழியோடு சேர்ந்தே வரும் நூலகத்தில் அது ஆயத்தமாக வைக்கப்படுகிறது. ‘ஸ்டாண்டர்ட் லைப்ரரி’ என்று வழங்கும் இந்நூலகத்தில், 2003ஆம் ஆண்டில் வெளிவந்த பைதான் 2.3 பதிப்பு முதல் ‘வாக்’ என்னும் செயற்கூறு இடம்பெற்றது. நடத்தல் என்பது அதன் பொருள். ஒவ்வொரு கோப்பகத்துக்கும் அது மூன்று செய்திகளை அளிக்கும்: கோப்பகத்தின் பாதை, அதிலுள்ள துணைக் கோப்பகங்களின் பெயர்கள், ஏனைய கோப்புகளின் பெயர்கள்.

ஆவண அறையும் பேரேடும்

பழைய ‘வாக்’ எவ்வாறு இயங்கியது என்பதை அலுவலக வழக்கம் ஒன்றைக் கொண்டு எளிதில் விளக்கலாம். ஓர் அலுவலகத்தில் ஆவண அறை பூட்டப்பட்டிருக்கிறது. அதற்குள் காப்பாளர் ஒருவர் இருக்கிறார். எழுத்தர் எவரும் உள்ளே செல்ல இயலாது. சன்னல் வழியாகக் கேட்டுத்தான் எதையும் பெற வேண்டும். கணிப்பொறியில் இயக்க முறைமையே அந்தக் காப்பாளர். நிரல் எழுத்தரை ஒத்தது. நிரல் சன்னலுக்குச் சென்று கேட்கும் ஒவ்வொரு முறையும் ‘முறைமை அழைப்பு’ எனப்படும்.

எழுத்தர் முதலில், ‘இந்த அலமாரியில் உள்ளவை யாவை?’ என்று கேட்கிறார். காப்பாளர் பேரேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கிறார். எழுத்தர் அவற்றைக் குறித்துக்கொண்டு தம் இருக்கைக்குத் திரும்புகிறார். பின்னர் முதற்பெயரை எடுத்துக்கொண்டு மீண்டும் சன்னலுக்குச் சென்று, ‘இது கட்டா, தனித் தாளா?’ என்று கேட்கிறார். விடை பெற்றுத் திரும்பியதும் இரண்டாம் பெயருக்கு மறுபடியும் செல்கிறார. ஐந்நூறு பெயர்கள் இருந்தால் ஐந்நூறு முறை நடக்கிறார்.

இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. காப்பாளர் முதலில் வாசித்த பேரேட்டிலேயே, ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், அது கட்டா தாளா என்பது எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தர் பெயர்ப் பத்தியை மட்டும் கேட்டு வாங்கி, பக்கத்துப் பத்தியை விட்டுவிட்டார். விட்டுவிட்டதைப் பெறவே அவர் ஐந்நூறு முறை நடந்தார்.

பழைய பைதானில் நிகழ்ந்தது இதுவே. ‘லிஸ்ட்டிர்’ என்னும் செயற்கூறு கோப்பகத்திலுள்ள பெயர்களை மட்டும் பட்டியலாக அளித்தது. பிறகு ‘வாக்’, ஒவ்வொரு பெயருக்கும் ‘ஸ்டாட்’ என்னும் முறைமை அழைப்பினால் அதன் வகையைக் கேட்டறிந்தது. கோப்பகம் என்று தெரிந்தவற்றுக்கு, அவை உண்மையான கோப்பகங்களா அல்லது வேறிடத்தைச் சுட்டும் வெறும் இணைப்புகளா என்று அறிய மற்றுமோர் அழைப்பும் செய்தது.

இயக்க முறைமை அளிக்கும் விவரம்

லினக்ஸ், பிஎஸ்டி முதலிய அமைப்புகளில் கோப்பகத்தைப் படிக்கும்போது, ஒவ்வொரு பெயருடனும் அதன் வகையைக் குறிக்கும் சிறு எண் ஒன்றும் சேர்ந்து வருகிறது. அது சாதாரணக் கோப்பா, கோப்பகமா, சுட்டி இணைப்பா என்பதை அந்த எண்ணே தெரிவித்துவிடும். விண்டோஸ் அமைப்பு இதைக் காட்டிலும் தாராளமானது. அங்கே பெயருடன், கோப்பின் தன்மை, அளவு, அது உண்டான நேரம், கடைசியாக மாற்றப்பட்ட நேரம் ஆகியனவும் ஒருசேர வந்துவிடுகின்றன.

இவ்வளவும் நிரலின் கைக்கு வந்த பின்னர், நூலகம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை எறிந்துவிட்டது. இது எவருடைய கவனக்குறைவும் அன்று. ‘லிஸ்ட்டிர்’ என்பது பெயர்ப் பட்டியலை மட்டும் தருவதாக முதலிலேயே வரையறுக்கப்பட்டது. அவ்வரையறையை நம்பி எண்ணற்ற நிரல்கள் எழுதப்பட்டுவிட்டன. பெயர்கள் வந்த இடத்தில் வேறு ஏதேனும் வருமானால் அந்நிரல்கள் அனைத்தும் பழுதாகும். ஆகவே பழையதை மாற்றாமல், புதிய செயற்கூறு ஒன்றைச் சேர்ப்பதே வழியாயிற்று.

2014, 2015ஆம் ஆண்டுகளின் சீர்திருத்தம்

பென் ஹோய்ட் என்னும் நிரலாளர் இக்குறையைக் களையும் செயற்கூற்றை முதலில் தனி நிரல்தொகுதியாக எழுதி வெளியிட்டார். பின்னர் 2014ஆம் ஆண்டு மே மாதத்தில், அதனை மொழியின் நூலகத்திலேயே சேர்க்க வேண்டும் என்று முறைப்படி முன்மொழிந்தார். பைதான் மொழியில் மாற்றங்கள் எண்ணிடப்பட்ட முன்மொழிவுகளாக விவாதிக்கப்பட்டு முடிவு செய்யப்படுவது வழக்கம். இம்முன்மொழிவின் எண் 471. இதனை ஆராய்ந்து முடிவு கூறும் பொறுப்பு விக்டர் ஸ்டின்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே முன்மொழிவு ஏற்கப்பட்டு, 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த பைதான் 3.5 பதிப்பில் இடம்பெற்றது.

புதிய செயற்கூற்றின் பெயர் ‘ஸ்கேன்டிர்’. இது வெறும் பெயர்களுக்குப் பதிலாக, பதிவுப் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக அளிக்கிறது. ஒவ்வொரு பதிவும் பெயரையும் பாதையையும் கொண்டிருப்பதுடன், ‘நீ கோப்பகமா?’, ‘நீ கோப்பா?’, ‘நீ சுட்டி இணைப்பா?’ என்ற வினாக்களுக்கு விடை கூறவும் வல்லது. இயக்க முறைமை முன்பே அளித்த விவரம் போதுமானால், அதைக் கொண்டே விடை வந்துவிடும். அது போதாதபோது மட்டும் பதிவுப் பொருள் தானே ‘ஸ்டாட்’ அழைப்பைச் செய்து, பெற்ற விடையை மறுமுறைக்கென்று சேமித்தும் வைத்துக்கொள்ளும்.

மற்றொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. ‘லிஸ்ட்டிர்’ கோப்பகத்திலுள்ள அனைத்தையும் நினைவகத்தில் நிரப்பிய பின்னரே பட்டியலை அளிக்கும். ‘ஸ்கேன்டிர்’ ஒவ்வொன்றாக அளிப்பதால், ஒரே கோப்பகத்தில் பல இலட்சம் கோப்புகள் இருந்தாலும் முதற்பதிவு உடனே கைக்கு வரும்.

இப்புதிய அடித்தளத்தின்மீது ‘வாக்’ திருத்தி எழுதப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பழைய ‘வாக்’தான், அதே மூன்று செய்திகளையே அளிக்கிறது. ஆயினும் 3.5 பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பு, யூனிக்ஸ் வகை அமைப்புகளில் அது 3 முதல் 5 மடங்கும், விண்டோஸில் 7 முதல் 20 மடங்கும் விரைவு பெற்றதாகத் தெரிவித்தது. அதனை உபயோகித்துவந்த நிரல்கள், தம்மில் ஓர் எழுத்தும் மாற்றப்படாமலே, புதிய பதிப்பை நிறுவியதனால் மட்டும் இப்பயனைப் பெற்றன. பொது நூலகத்தில் செய்யப்படும் சீர்திருத்தத்தின் தனிச்சிறப்பு இதுவே.

ஒரு கணக்கு

இச்சிக்கனத்தின் அளவை எண்களைக் கொண்டு உணரலாம். வேர்க் கோப்பகத்தின் கீழ் 200 துணைக் கோப்பகங்களும், ஒவ்வொன்றிலும் 500 புகைப்படங்களும் இருப்பதாகக் கொள்வோம். புகைப்படங்கள் மொத்தம் 1,00,000. கோப்பகங்கள் வேரையும் சேர்த்து 201. ஒரு கோப்பகத்தைத் திறத்தல், படித்தல், மூடுதல் ஆகியவற்றுக்கு ஆறு அழைப்புகள் என்று கொண்டால் 1,206 அழைப்புகள் ஆகும். இது பழைய முறைக்கும் புதிய முறைக்கும் பொது.

பழைய முறையில் 1,00,000 புகைப்படங்களுக்கும் 200 துணைக் கோப்பகங்களுக்கும் வகை கேட்க 1,00,200 அழைப்புகள்; துணைக் கோப்பகங்கள் சுட்டி இணைப்புகளா என்று அறிய 200 அழைப்புகள்; பொதுவான 1,206. ஆகக் கூடுதல் 1,01,606. புதிய முறையில் வகை கேட்கும் அழைப்புகள் அறவே நீங்குகின்றன. இணைப்பா என்று அறியும் 200 அழைப்புகள் மட்டும் எஞ்சுகின்றன. ஆகக் கூடுதல் 1,406.

அழைப்புகள் எழுபது மடங்குக்கு மேல் குறைந்திருக்க, வேகம் மட்டும் ஏன் எழுபது மடங்கு கூடவில்லை என்ற வினா இயல்பாக எழும். உள்ளூர் வட்டில், அண்மையில் படிக்கப்பட்ட விவரங்கள் நினைவகத்திலேயே இருக்குமாதலால், ஒவ்வோர் அழைப்பும் மிகச் சிறு நேரமே பிடிக்கிறது. பெயர்களைப் பட்டியலில் சேர்த்தல், பாதைகளை ஒட்டுதல் முதலிய பிற வேலைகள் முன்போலவே நடைபெறுகின்றன. ஒரு வேலையின் ஒரு பகுதி மட்டும் விரைவுபெறுமானால், மொத்த விரைவை எஞ்சிய பகுதியே கட்டுப்படுத்தும் என்பது பொது விதி.

கோப்புகள் வலைப்பின்னல் வழியாக வேறொரு கணிப்பொறியில் இருக்கும்போது நிலைமை வேறு. ஒவ்வோர் அழைப்பும் அங்கே சென்று திரும்ப ஒரு வினாடியின் ஆயிரத்தில் 20 பங்கு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் 1,01,606 அழைப்புகளுக்கு ஏறத்தாழ 34 நிமிடங்கள் கழியும். புதிய முறையில் 1,406 அழைப்புகளுக்கு 28 வினாடிகளே போதும். தொலைவிலுள்ள சேமிப்பிடத்தைச் சார்ந்திருக்கும் கள அலுவலகங்களில்தான் இச்சீர்திருத்தத்தின் முழுப் பயனும் வெளிப்படுகிறது.

முன்னைய முயற்சிகளும் பிற மொழிகளும்

தேவையற்ற ‘ஸ்டாட்’ அழைப்புகளைத் தவிர்க்கும் எண்ணம் புதியதன்று. யூனிக்ஸ் அமைப்பின் தேடு நிரல்கள் சாமர்த்தியமான உபாயம் ஒன்றைக் கையாண்டன. வழக்கமான யூனிக்ஸ் கோப்பமைப்பில், ஒவ்வொரு கோப்பகத்துக்கும் இணைப்பு எண்ணிக்கை ஒன்று உண்டு. தாய்க் கோப்பகத்தில் உள்ள பெயர் ஒன்று, தன்னையே சுட்டும் புள்ளிக் குறி ஒன்று ஆக இரண்டு. இவற்றுடன், ஒவ்வொரு துணைக் கோப்பகத்திலும் தாயைச் சுட்டும் இரட்டைப் புள்ளிக் குறி ஒவ்வொன்று. ஆகவே இணைப்பு எண்ணிக்கையிலிருந்து இரண்டைக் கழித்தால் துணைக் கோப்பகங்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். அத்தனை துணைக் கோப்பகங்களும் கண்டுபிடிக்கப்பட்டவுடன், எஞ்சிய பெயர்கள் யாவும் கோப்புகளே என்று முடிவு செய்து, மேலும் கேட்காமல் நிறுத்திவிடலாம்.

எனினும் இவ்விதியை எல்லாக் கோப்பமைப்புகளும் பின்பற்றுவதில்லை. குறுந்தகடுகளிலும் பழைய டாஸ் வட்டுகளிலும் இது பொருந்தாது. பிடிஆர்எஃப்எஸ் என்னும் கோப்பமைப்பில் கோப்பகத்தின் இணைப்பு எண்ணிக்கை எப்போதும் ஒன்றே. இத்தகைய இடங்களுக்கென்றே குனு தேடு நிரலில் இவ்வுபாயத்தை நிறுத்திவைக்கும் விருப்பத்தேர்வு ஒன்று அமைக்கப்பட்டது. ஊகத்தின்மீது கட்டப்படும் வேகம், ஊகம் பொய்க்கும் இடத்தில் தவறான விடையைத் தந்துவிடும் என்பதற்கு இது சான்று.

கோ என்னும் நிரல்மொழியும் பைதானைப் போன்ற பாதையிலேயே சென்றது. அதன் நூலகத்திலிருந்த ‘வாக்’ ஒவ்வொரு கோப்புக்கும் தனியே விவரம் கேட்டுவந்தது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த கோ 1.16 பதிப்பில், அதைத் தவிர்க்கும் ‘வாக்டிர்’ என்னும் செயற்கூறு சேர்க்கப்பட்டது. பழைய ‘வாக்’ நீக்கப்படாமல், புதியதே திறன் மிக்கது என்ற குறிப்புடன் இருந்துவருகிறது.

வேகமும் பிழையின்மையும்

விரைவை நாடும்போது பிழையின்மையைக் கைவிடலாகாது. பைதானின் புதிய ‘வாக்’ இதில் காட்டிய கவனம் குறிப்பிடத்தக்கது. துணைக் கோப்பகத்தினுள் நுழையுமுன், அது சுட்டி இணைப்பா என்பதைப் பதிவுப் பொருளிடம் கேட்டால் அழைப்பின்றியே விடை கிடைக்கும். ஆயினும் ‘வாக்’ அவ்வாறு செய்வதில்லை. அதற்கென ஓர் அழைப்பைப் புதிதாகச் செய்கிறது. பட்டியலை நிரலிடம் ஒப்படைத்ததற்கும் உள்ளே நுழைவதற்கும் இடையில், நிரல் அக்கோப்பகத்தை நீக்கி, அதன் இடத்தில் சுட்டி இணைப்பு ஒன்றை வைத்திருக்கக்கூடும். பழைய விவரத்தை நம்பி நுழைந்தால், செல்லக்கூடாத இடத்துக்குச் செல்ல நேரும். மேலே கண்ட கணக்கில் எஞ்சிநின்ற 200 அழைப்புகள் இந்தக் காவலுக்கே செலவாகின்றன. கோப்புகள் ஒரு இலட்சமாயினும் கோப்பகங்கள் இருநூறே ஆதலால், இச்செலவு பொருட்படுத்தத்தக்கதன்று.

சுட்டி இணைப்பு ஒன்று தன் மூதாதைக் கோப்பகத்தையே சுட்டுமானால், அதைப் பின்தொடரும் நிரல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இதனாலேயே, கேட்டுக்கொள்ளப்பட்டாலன்றி ‘வாக்’ இணைப்புகளைப் பின்தொடர்வதில்லை.

சில கோப்பமைப்புகள் வகை எண்ணைத் தருவதில்லை. ‘தெரியாது’ என்னும் குறியையே அளிக்கின்றன. அங்கே பதிவுப் பொருள் பழையபடி ‘ஸ்டாட்’ அழைப்பைச் செய்கிறது. வேகம் குறையும், விடை தவறாது.

மரம் மிக ஆழமாக இருக்கும்போது வேறொரு இடையூறு நேர்ந்தது. செயற்கூறு ஒவ்வொரு மட்டத்திலும் தன்னைத்தானே அழைத்து இறங்கியதால், மொழி வகுத்துள்ள அழைப்பு ஆழத்தின் வரம்பை மீறி, நிரல் பிழையுடன் நின்றது. பைதான் 3.12 பதிப்பில், இனிச் செல்ல வேண்டிய கோப்பகங்களை ஓர் அடுக்கில் குறித்துவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லும் முறைக்கு ‘வாக்’ மாற்றப்பட்டது. அதனால் இவ்விடையூறு நீங்கியது.

கள ஊழியர்கள் கருத வேண்டியவை

கோப்பகங்களைப் படியெடுக்கும் அல்லது கணக்கிடும் நிரல்களை எழுதுவோரும் எழுதுவிப்போரும் பின்வருவனவற்றை நினைவில் கொள்வது நன்று.

முதலாவது, வேண்டாத கிளைகளில் நுழையாதிருப்பதே தலையாய சிக்கனம். தற்காலிகக் கோப்பகங்கள், சிறுபடங்கள் சேமிக்கப்படும் கோப்பகங்கள் முதலியவற்றை, ‘வாக்’ அளிக்கும் துணைக் கோப்பகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், அது அக்கிளைகளுக்குச் செல்லாது. மேலிருந்து கீழாகச் செல்லும் நடையில் மட்டுமே இது பயன்படும். அளிக்கப்பட்ட அதே பட்டியலில் நீக்க வேண்டும் என்பது முக்கியம். புதிய பட்டியல் ஒன்றை உண்டாக்கி அதற்கு அதே பெயரைச் சூட்டினால் பயன் இராது.

இரண்டாவது, ‘வாக்’ பெயர்களை மட்டுமே அளிக்கிறது என்பதை மறக்கலாகாது. கோப்புகளின் அளவும் தேதியும் வேண்டுமாயின், பெயர்களைப் பெற்றபின் ஒவ்வொன்றுக்கும் தனியே கேட்பது பழைய எழுத்தரின் நடைக்கே ஒப்பாகும். விண்டோஸில் ‘ஸ்கேன்டிர்’ அளிக்கும் பதிவுகளை நேரே உபயோகித்தால், சாதாரணக் கோப்புகளுக்கு அவ்விவரங்கள் மேலும் அழைப்பின்றியே கிடைக்கும். லினக்ஸில் அளவை அறிய ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அழைப்பு தவிர்க்க இயலாதது. ஆதலால் வேண்டிய கோப்புகளைப் பெயரைக் கொண்டு முதலில் பிரித்தெடுத்து, அவற்றுக்கு மட்டும் அளவு கேட்பது நலம்.

மூன்றாவது, பதிவுப் பொருள்களை நெடுநேரம் வைத்திருத்தல் கூடாது. அவை ஒருமுறை அறிந்த விவரத்தையே திரும்பக் கூறும். இடையில் கோப்பு மாறியிருந்தால் அதை அறியமாட்டா. வளர்ந்துகொண்டிருக்கும் கோப்பின் அளவைக் கண்காணிப்பவர் புதிதாகவே கேட்க வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. அனுமதியின்மையாலோ வட்டின் பழுதினாலோ ஒரு கோப்பகத்தைப் படிக்க இயலாதபோது, ‘வாக்’ இயல்பாக அப்பிழையை வெளியிடாமல், அக்கோப்பகத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. படியெடுப்பு வெற்றியாக முடிந்தது போலவே தோன்றும். ஆனால் ஒரு கிளை முழுவதும் விடுபட்டிருக்கும். பிழை நேரும்போது அழைக்கப்பட வேண்டிய செயற்கூறு ஒன்றை ‘வாக்’கிடம் முன்கூட்டியே ஒப்படைக்க வழி செய்யப்பட்டுள்ளது. ஆவணங்களைக் காக்கும் எந்த நிரலும் இவ்வழியைக் கையாளாமல் இருத்தலாகாது.

வகுப்பறையில் ஒரு சோதனை

இப்பொருளை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பைதான் 3.5 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு உள்ள எந்தக் கணிப்பொறியிலும் எளிய சோதனை ஒன்றைச் செய்துகாட்டலாம். ‘லிஸ்ட்டிர்’ கொண்டு பெயர்களைப் பெற்று ஒவ்வொன்றின் வகையையும் தனியே கேட்டறியும் சிறு நிரல் ஒன்று. ‘ஸ்கேன்டிர்’ பதிவுகளிடமே வகை கேட்கும் நிரல் மற்றொன்று. இரண்டையும் ஒரே கோப்பகத்தின்மீது இயக்கி, நேரத்தை அளந்து அட்டவணையாக்க வேண்டும். இரு நிரல்களும் கூறும் கோப்பகங்களின் எண்ணிக்கையும் கோப்புகளின் எண்ணிக்கையும் சமமாக இருக்கின்றனவா என்று முதலில் சரிபார்த்தல் அவசியம். விடை வேறுபட்டால் வேகத்தை ஒப்பிடுவதில் பொருளில்லை.

இச்சோதனையில் மாணவர் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. முதலில் இயங்கும் நிரல் விவரங்களை வட்டிலிருந்து கொணர்கிறது. இரண்டாவது நிரல் நினைவகத்தில் தங்கிய அதே விவரங்களை எளிதில் பெற்றுவிடுகிறது. ஆகவே இரண்டாவதாக ஓடியது எதுவோ அதுவே விரைவானதாகத் தோன்றும். இரண்டையும் பன்முறை மாறி மாறி இயக்கி, முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு, எஞ்சியவற்றை ஒப்பிட்டால் உண்மை புலப்படும். கோப்புகளின் எண்ணிக்கையை நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று பெருக்கிச் சென்றால், நேரம் எவ்வாறு வளர்கிறது என்பதையும் வரைபடமாகக் காட்டலாம். லினக்ஸ் கணிப்பொறி இருக்குமிடத்தில், முறைமை அழைப்புகளை எண்ணிக் காட்டும் ‘ஸ்ட்ரேஸ்’ என்னும் கருவியைக் கொண்டு, மேலே காட்டிய கணக்கையும் சரிபார்க்கலாம்.

கணிப்பொறியின் வேகம் ஆண்டுதோறும் வளர்கிறது என்பது உண்மையே. ஆயினும் மேலே கண்ட சீர்திருத்தத்துக்குப் புதிய இயந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. முன்பே கைக்கு வந்திருந்த செய்தியை எறியாமல் காத்ததே அதன் சாரம். பழைய கணிப்பொறியும் மெதுவான இணைப்பும் உள்ள அலுவலகத்திலும் இதன் பயனைப் பெறலாம். அதற்கு வேண்டியவை இரண்டே: பைதானின் பதிப்பு 3.5க்குப் பிற்பட்டதா என்று பார்த்தல். படியெடுப்பு நிரல் பிழைகளை அறிவிக்கிறதா என்று சோதித்தல்.